அத்தியாயம் 7: அம்புக்குறிக்குச் சாட்சி உண்டா?

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பிக்காத ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது அரிது. வரிசை சரிதான். ஆனால் ஒரத்தநாட்டிலோ திருவையாற்றிலோ பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளை வழியில் ஒரு குளத்தையும் இரண்டு வாய்க்காலையும் தாண்டி வருகிறது. மடையான் எந்தக் கரையில் அசையாமல் நிற்கும், எந்தக் குளத்தில் தூண்டில் போட்டால் ஜிலேபி கெண்டை மாட்டும், கோடையில் சேற்றைக் கிளறினால் எது துள்ளும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். சுவரில் தொங்கும் படத்தில் இந்த அறிவுக்கு இடமில்லை. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததில் தொடங்கி, ஒரு குளத்தின் உணவு வலையை அவர்களே வரையும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும்.

விதி ஒன்றே ஒன்றுதான். சாட்சி இல்லாமல் அம்புக்குறி போடக்கூடாது.

“கெண்டை பாசி திங்கும் டீச்சர்” என்று ஒரு மாணவி சொன்னால், “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். கண்ணால் கண்டிருந்தால் பச்சை அம்பு. வலை போடுபவரோ வீட்டில் பாட்டியோ சொல்லக் கேட்டிருந்தால் நீல அம்பு. புத்தகத்தில் படித்தது என்றால் சிவப்பு. மூன்றும் இல்லை, ஊகம்தான் என்றால் பென்சிலால் புள்ளிக்கோடு. முதல் நாள் வரையும் படத்தில் சிவப்பும் புள்ளிக்கோடுமாகத்தான் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். சிவப்பையும் புள்ளியையும் பச்சையாக்குவதுதான் இனிமேல் வேலை.

அம்பின் திசையில் எல்லா வகுப்பிலும் குழப்பம் வரும். கொக்குதான் மீனைத் தேடிப் போகிறது. ஆகவே அம்பும் கொக்கிலிருந்து மீனுக்குப் போகட்டும் என்பது பிள்ளைகளின் நியாயம். “சாப்பாடு எந்தப் பக்கம் போகிறது?” என்று மட்டும் கேளுங்கள். மீன் கொக்கின் வயிற்றுக்குப் போகிறது, அம்பும் அப்படியே போகும். விளக்கம் இதற்கு மேல் வேண்டாம்.

எந்தக் குளம், எந்த மாதம்

கோயில் குளம் கண்ணுக்கு அழகு, பாடத்துக்கு உதவாது. மன்னார்குடி ஹரித்ராநதி, திருவாரூர் கமலாலயம், கும்பகோணம் மகாமகக் குளம் எல்லாம் கல் கட்டிய கரைகள். செடி வேர் பிடிக்கும் ஈர மண் ஓரம் அங்கே குறைவு. பூச்சியும் தவளையும் அந்த ஓரத்தில்தான் வாழும். மீனுக்குப் பொரி போடும் வழக்கமும் உண்டு. அரிசி ஆலையிலிருந்து குளத்துக்கு ஓர் அம்பு வருகிறது என்று பின்னொரு நாள் காட்ட அது உதவும். முதல் பாடத்துக்கு ஊர்ப் பொதுக்குளமோ குட்டையோ போதும். ஒரு பக்கம் சரிவான மண்கரை இருக்க வேண்டும், கொஞ்சம் கோரையோ அல்லியோ இருக்க வேண்டும், வாய்க்காலோடு தொடர்பு இருந்தால் இன்னும் நல்லது. செங்கல் சூளைக்கு மண் எடுத்த குளம் என்றால் அதை விட்டுவிடுங்கள். ஓரத்திலேயே ஆளாழம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

நம் குளங்களின் ஆண்டு சித்திரையில் தொடங்குவதில்லை. மேட்டூரில் மதகைத் தூக்கும்போது தொடங்குகிறது. வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் குளத்தைத் தொடும்போது வெறும் தண்ணீராக வருவதில்லை. அயிரையும் கெண்டைக் குஞ்சும் நத்தையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் நிறைக்கும். ஜனவரி 28 வாக்கில் அணையை மூடிய பிறகு மட்டம் இறங்கத் தொடங்கும். ஆகவே ஒரே குளத்துக்கு இரண்டு முறை போங்கள்: ஆகஸ்டில் ஒரு முறை, பிப்ரவரிக் கடைசியில் ஒரு முறை. இடையில் வரும் மழைமாதங்களில் கரை வழுக்கும், பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். மார்ச்சுக்குத் தள்ளினால் தேர்வு வந்துவிடும்.

அனுமதி கேட்பதில் ஒருவரை மறந்துவிடுவார்கள். ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் கேட்பது இருக்கட்டும். மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் முதலில் கேளுங்கள். குஞ்சு வாங்கி விட்டுப் பணம் போட்டவர் அவர். பள்ளிப் பிள்ளைகள் வலையோடு இறங்குவதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வருவது இயற்கை. முறையாகக் கேட்டால் அவரே உங்கள் சிறந்த நீல அம்புக்காரர் ஆகிவிடுவார். “அண்ணே, விரால் என்ன திங்கும்?” என்று ஒரு பையன் கேட்டால் பதில் இப்படி வரும்: “எதைத் திங்காது தம்பி? கெண்டை, தவளை, தலைப்பிரட்டை, கொஞ்சம் வளர்ந்துட்டா தன் இனத்தையே திங்கும்.” அதே விரால் செந்நிறக் குஞ்சுத் திரளுக்குக் கீழே காவல் சுற்றுவதையும் அவரே காட்டுவார்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கறாராகக் கடைப்பிடியுங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக்கூடாது. நீச்சல் தெரிந்த பெரியவர் இருவர் மட்டும் இறங்கி அள்ளித் தரட்டும். காலிலோ கையிலோ புண் இருப்பவர்கள் குளத்துத் தண்ணீரைத் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. தேளி மீனை வெறுங்கையால் பிடிக்கக்கூடாது. அதன் பக்கத்து முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். தண்ணீர்ப் பாம்புக்கு விஷமில்லை என்றாலும் கடிக்கும். கரைப் புதரில் இருப்பது தண்ணீர்ப் பாம்பா விரியனா என்று கம்பு விட்டுப் பார்க்கும் ஆர்வத்தை முளையிலேயே கிள்ளுங்கள். ஆமை கிடைத்தால் அங்கேயே விடுங்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. திரும்பும்முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கரையில் உட்கார்ந்து பார்ப்பது

காலை ஏழு மணிக்குக் கரையில் இருப்பது நல்லது. முதல் இருபது நிமிடம் யாரும் பேசாமல் உட்காரட்டும். இதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான பகுதி. நாற்பது பிள்ளைகளை வைத்து நடக்காது. எட்டெட்டுப் பேராகப் பிரித்துக் குளத்தின் வெவ்வேறு கரைகளுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடினால் போதும்: எது எதை வாயில் எடுத்தது?

முக்குளிப்பான் மூழ்கி எழும்போது அலகில் என்ன இருந்தது என்று தெரியாமல் போகலாம். அப்போது “ஏதோ ஒன்று” என்றே எழுதச் சொல்லுங்கள். மீன் என்று எழுதிவிட ஆசை வரும். அந்த ஆசையை அடக்கப் பழகுவதுதான் அறிவியல் பயிற்சி, உயிரினப் பெயர்களை மனப்பாடம் செய்வதல்ல.

நேரில் பார்க்காமலும் பச்சை அம்பு போடலாம், தடயம் இருந்தால். குளக்கரையிலும் வயல் வரப்பிலும் பெரிய நத்தை ஓடுகளைத் தேடச் சொல்லுங்கள். ஓடு நொறுங்காமல், சதை மட்டும் காணாமல் போயிருந்தால், அருகில் நத்தைகுத்தி நாரையின் கால்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும் பறவை அது. நத்தையை நொறுக்காமல் அலகு நுனியால் சதையை உருவிவிடும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போனால் இந்த நாரைகளை நிறையப் பார்க்கலாம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை அது. ஓடு நொறுங்கிக் கிடந்தால் தின்றது வேறு யாரோ. யார் என்பதைப் பிள்ளைகள் வாதாடிக் கண்டுபிடிக்கட்டும்.

தட்டில் அள்ளிப் பார்ப்பது

கடையில் வாங்க வேண்டிய சாமான் அதிகமில்லை. வெள்ளை பிளாஸ்டிக் தாம்பாளம் இரண்டு, டீ வடிகட்டி, பழைய கொசுவலைத் துணி கட்டிய வளையம், துளையில்லாத இட்லித் தட்டு. பிடித்ததைத் தாம்பாளத்தில் ஊற்றி, ஒவ்வொன்றாக இட்லிக் குழிகளில் தண்ணீரோடு பிரித்து வையுங்கள். வேட்டையாடும் பூச்சியையும் அதன் இரையையும் ஒரே குழியில் விட்டால் மணி அடிப்பதற்குள் ஒன்றுதான் மிஞ்சும். ஒரு குழியில் மட்டும் வேண்டுமென்றே அப்படி விடுங்கள்: தட்டானின் இளவுயிரி ஒன்று, கொசுப்புழு பத்து. அதன் கீழுதடு மடிந்து முகத்துக்கு அடியில் இருக்கும். இரை அருகே வந்ததும் சட்டென்று நீண்டு பற்றும். இந்த ஒரு காட்சிக்காகவே பிள்ளைகள் அடுத்த வாரமும் குளத்துக்குப் போகலாம் என்பார்கள்.

பெயர் தெரியாத பூச்சி வந்தால் பெயருக்காகத் தடுமாற வேண்டாம். வாயைப் பாருங்கள். சுரண்டுகிறதா, வடிகட்டுகிறதா, குத்தி உறிஞ்சுகிறதா, கவ்வுகிறதா? வாய் தெரிந்தால் வலையில் அதன் இடம் தெரியும். பெயர் பிறகு கிடைக்கும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியாதவற்றைப் பிடிக்கப் பழைய பருத்திப் புடவை போதும். பல மடிப்பாக மடித்து வாளியின் வாயில் கட்டி, நான்கைந்து குடம் குளத்துத் தண்ணீரை அதன் வழியே ஊற்றுங்கள். துணியை ஒரு டம்ளர் தண்ணீரில் அலசினால் சைக்ளாப்ஸ், டாப்னியா முதலிய மிதவை உயிரிகள் துள்ளுவதைப் பார்க்கலாம். இந்தத் துணிக்கு ஒரு வரலாறு உண்டு. ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க அறிவியலாளரும் அவர் குழுவினரும் வங்கதேசத்துக் கிராமங்களில் மடித்த புடவையால் குடிநீரை வடிகட்டச் செய்தபோது காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் எழுதினார்கள்; காலராக் கிருமி இந்த மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் தாத்தா பாட்டி காலத்து நரம்புச் சிலந்தி நோயும் குளத்துத் தண்ணீரிலிருந்த சைக்ளாப்ஸ் வழியாகத்தான் உடம்புக்குள் வந்தது. துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னது அதை ஒழித்த வழிகளில் ஒன்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. டம்ளரில் துள்ளுவதைக் காட்டும்போதே இதையும் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அள்ளியதை அதே குளத்தில் விடுங்கள். வேறு குளத்தில் விடாதீர்கள்.

சேற்றிலிருந்து தொடங்கும் அம்பு

சுவரில் தொங்கும் படத்தில் எல்லாம் பச்சைச் செடியிலிருந்து தொடங்கும். ஆனால் குளத்துப் பாசியிலும் செடியிலும் பெரும்பங்கை யாரும் உயிரோடு தின்பதில்லை. அது செத்து அடியில் படிகிறது. கரை மரத்து இலை, வயலிலிருந்து அடித்து வந்த வைக்கோல், மாடு குளிப்பாட்டும்போது விழும் சாணம் எல்லாம் அங்கேதான் போகின்றன. நம் குளத்தில் பாதி விருந்து சேற்றில் நடக்கிறது. ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறிய ஏரியைத் துருவித் துருவி ஆராய்ந்து 1942இல் வெளியான கட்டுரையில் வலையை வரைந்தபோது, நடுவில் சேற்றைத்தான் வைத்தார். கட்டுரை அச்சில் வரும்முன்பே 26 வயதில் இறந்துவிட்டார். உங்கள் வகுப்புப் படத்திலும் நடுவில் சேற்றை வையுங்கள். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சேற்றுக்குச் சாட்சி தேட வைக்கோல் பாட்டில் செய்யலாம். அகன்ற வாய்ப் பாட்டிலில் ஒரு பிடி வைக்கோலைப் போட்டுக் குளத்துத் தண்ணீரை ஊற்றி, துணியால் மூடி, வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கி நாறும், மேலே மெல்லிய ஆடை படியும், பாக்டீரியா பெருகிவிட்டது. ஒரு வாரம் பத்து நாளில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பரமீசியம் வேகமாகச் சுழன்று ஓடும். பள்ளி நுண்ணோக்கி பூட்டிய அலமாரியில் இருந்தால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிமுகப்படுத்திய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி வாங்குங்கள், இதற்கு அது தாராளம். வைக்கோலைத் தின்றது பாக்டீரியா, பாக்டீரியாவைத் தின்றது பரமீசியம் என்று இரண்டு பச்சை அம்பு கிடைத்துவிடும். அடிச்சேற்றை வடிகட்டியில் அலசினால் ரத்தப்புழுவும் கிடைக்கும். அதன் சிவப்பு, நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினால் வருவது. காற்று குறைந்த சேற்றில் பிழைக்க அது உதவுகிறது. கெளுத்தியும் அயிரையும் இதைத் தேடித்தான் அடியில் மேய்கின்றன.

நெல்லும் உளுந்தும்

எண்ணிக்கைப் பாடம் இது. வகுப்பறையில் அரை மணி நேரம் போதும். ஆயிரம் நெல்லும் பத்து உளுந்தும் எண்ணிக் கலந்து முதல் பிள்ளைக் குழுவிடம் கொடுங்கள். அவர்கள் பாசி. அடுத்தவர் மிதவை உயிரி: பாசியிடமிருந்து வாங்கியதில் நூறு நெல்லை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கீழே வைத்துவிட வேண்டும். அசைய, மூச்சுவிட, கழிவாக வெளியேற என்று அது செலவாகிவிட்டது. கெண்டைக்கு மிஞ்சுவது பத்து நெல். மீன் தின்னும் முக்குளிப்பானுக்கு ஒரே ஒரு நெல். ஒரு குளத்தில் ஏன் ஆயிரம் கெண்டையும் நான்கே முக்குளிப்பானும் இருக்கின்றன என்று இனி நீங்கள் விளக்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்று என்பது கணக்குக்குச் சுலபமான எண். இயற்கையில் அது கூடும், குறையும். எட்டாம் வகுப்புக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி உளுந்துக்கு வருவோம். உளுந்து என்பது வயலிலிருந்து வடிந்து வந்த, எளிதில் சிதையாத பூச்சிமருந்து. அது செலவாவதில்லை, கொழுப்பில் தங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் பத்து உளுந்தும் அப்படியே கை மாற வேண்டும். ஆயிரத்துக்குப் பத்தாக இருந்தது நூற்றுக்குப் பத்தாகி, பத்துக்குப் பத்தாகி, கடைசியில் ஒரு நெல்லுக்குப் பத்து உளுந்து. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் இது நிஜமாகவே நடந்தது. கொசு போன்ற ஒரு பூச்சியை ஒழிக்க 1949இல் டிடிடி (DDD) என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் கலந்தார்கள், 1954இலும் கலந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் முக்குளிப்பானின் பெரிய உறவான ஒரு பறவை நூற்றுக்கு மேல் செத்து மிதந்தது. தண்ணீரில் பத்து லட்சத்தில் 0.02 பங்குகூடத் தாண்டாத மருந்து, மிதவை உயிரிகளில் 5 பங்காகவும் பறவையின் கொழுப்பில் 1600 பங்காகவும் இருந்தது. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய ‘மௌன வசந்தம்’ நூலால் இது உலகத்துக்குத் தெரிந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைச் சொல்லும்போது அப்பாவைக் குற்றவாளியாக்காமல் சொல்லுங்கள். குறுவைக்கு மருந்தடிப்பதில் அவருக்கு இருக்கும் நெருக்கடி வேறு.

கயிறு விளையாட்டைத் திருத்துவது

ஆளுக்கொரு உயிரினமாக வட்டத்தில் நின்று சணல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் இழுத்தால் எல்லாரும் அசைவதைக் காட்டும் விளையாட்டு பயிற்சி வகுப்புகளில் பிரபலம். எனக்கு அதில் ஒரு குறை. எல்லாக் கயிறும் ஒரே கனமாக இருப்பதால், எது போனாலும் எல்லாம் சரிந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. விராலுக்கு ஆறு கயிறு கொடுங்கள், நத்தைகுத்தி நாரைக்கு ஒன்றோ இரண்டோ. நத்தை கயிற்றை விட்டதும் நாரை தடுமாறும், விரால் சமாளித்துவிடும். குளத்திலும் அப்படித்தான்.

தவளையை விலக்கிப் பார்க்கும்போது ஒரு செய்தியைச் சேர்க்கலாம். தவளைக் கால் ஏற்றுமதிக்காக வயல் தவளைகளைக் கோடிக்கணக்கில் பிடித்த காலம் ஒன்று இருந்தது. 1987இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது.

அடுத்து வெளியூர்க்காரர்களைச் சேருங்கள். ஜிலேபி கெண்டை 1952இல் இந்தியாவுக்கு வந்தது. பாசி, புழு, முட்டை எதையும் விடாது. தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகும். கம்பூசியா மீன் 1928இல் கொசுவை ஒழிக்க வந்தது. இதை வைத்து ஒரு புதிர் போடுங்கள். கம்பூசியா கொசுப்புழுவைத் தின்னும். சிறிய தட்டான் இளவுயிரியையும் தலைப்பிரட்டையையும்கூடத் தின்னும். தட்டானும் கொசுவைத் தின்னும் என்பதை இட்லித் தட்டில் பார்த்தோம். அப்படியென்றால் இந்த மீனை விட்ட குளத்தில் கொசு குறையுமா? நல்ல வகுப்பில் இரண்டு கட்சி உருவாகும். தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மனிதனை எங்கே வைப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். மேலே, மீனுக்கு அடுத்து என்பார்கள். பெண் கொசு யாரைக் கடிக்கிறது என்று கேளுங்கள். மனிதனிலிருந்து கொசுவுக்கு, கொசுவிலிருந்து தட்டானுக்கு என்று அம்பு போனதும் வகுப்பே கூச்சலிடும். எல்லாருக்கும் அன்று காலையே கிடைத்த பச்சை அம்பு அது.

பிப்ரவரியில்

இரண்டாவது முறை போகும்போது புதுத் தாளில் புதிதாக வரையுங்கள், பழைய படத்தைத் திருத்த வேண்டாம். தண்ணீர் இறங்கியிருக்கும், பறவை கூடியிருக்கும், சேற்று ஓரம் அகன்றிருக்கும். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பசுமை மிகுந்து உள்ளங்கை தெரியாவிட்டால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும் நிலை தூரத்தில் இல்லை. இரவில் பாசியும் மூச்சுவிடுவதால் அந்த நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கெண்டை திணறும்போது விராலும் தேளியும் பனையேறியும் மேலே வந்து காற்றை நேராக விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆகஸ்டுப் படத்தில் கெண்டையிலிருந்து புறப்பட்ட அம்புகள் எத்தனை, இப்போது எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். குறைந்த அம்புகளுக்குப் பதிலாகப் புதிதாக எவை வந்தன என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இரண்டு படங்களையும் தேதியோடு அடுத்த ஆண்டு வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். இன்னும் புள்ளிக்கோடாக நிற்பவற்றைத் தனியே எழுதிவைத்து, ஏலம் எடுத்தவரிடம் ஜூன் முடிவதற்குள் கேட்டுவிடுவது நல்லது. ஏலம் பெரும்பாலும் பசலிக் கணக்கில் போவது. ஜூலை 1 முதல் குளம் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம்.